வீரய்யாவின் சவுக்கு மரமும் ஒன்பது வளையங்களும்

நுவரெலியா,
1953ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.

1. கந்தப்பளைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து காலஞ்சென்ற மரியநாயகத்தின் மகனும், நுவரெலியாவில் வசிப்பவனும், இருபத்திரண்டு ஆண்டுகளாகப் கோர்ட்டில் வழக்காடும் புரொக்டராகவும் பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் நொத்தாரிசாகவும் தொழில் செய்துவருபவனும், ஐம்பத்தொரு வயதுடைய கத்தோலிக்கனுமான பத்திநாதன் ஆகிய நான் இதனை எழுதுகிறேன்.

2. இதனைப் பெறுபவள் இங்கிலாந்தில் தாவரவியல் பயிலும் என் ஒரே மகள் டோரீன்.

3. இதில் நான் கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் சொல்வேன். எனக்குத் தெரிந்தே செய்ததைத் தெரியாமற் செய்ததாகச் சொல்லமாட்டேன்.

அன்பு மகள் டோரீனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவரின் இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த அந்நியக் குளிரில் இருமல் சளி ஏதுமின்றி இருக்கவேண்டும் என்பதே செபமாலையில் எங்கள் இருவருடைய முதல் விண்ணப்பம். மேலே இலக்கமிட்டிருப்பதைக் கண்டு நீ திடுக்கிட்டிருப்பாய். உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பெத்த புள்ளைக்கு எழுதுற காயிதத்துல எதுக்குங்க நம்பரு? கோர்ட்டுக்கா அனுப்புறீங்க?" என்று கேட்டாள். கோர்ட்டுக்கும் போகக்கூடும் என்று நான் சொன்னதும் அடுப்படிக்குப் போய்விட்டாள். இங்கே மூன்று வாரமாக வெயிலைக் காணவில்லை. ஏரிப் பக்கத்து மூடுபனி பகல் பன்னிரண்டு மணிக்கும் கலைவதில்லை, காரியாலயக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பின்வளவில் போட்டிருந்த லீக்ஸ் பாத்தி முழுவதும் அழுகிப்போயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை; கோவில் படியைப் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுகிறாள், ஆனால் ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடவில்லை. நீ அனுப்பிய படத்தில் உன் கோட்டின் மேற்பொத்தான் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை, அவள்தான் கவனித்தாள். உடனே தைத்துக்கொள், கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றில் நடக்காதே.

உன் கடைசி இரண்டு கடிதங்களிலும், வீரய்யா அண்ணனுடைய பிரஜாவுரிமை மனு என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். இரண்டு முறையும், விசாரணையில் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். முதல் முறை அது உண்மை. இரண்டாம் முறை விசாரணை முடிந்து, மனு நிராகரிக்கப்பட்டது என்ற கட்டளை என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. நான் உனக்குப் பொய் எழுதினேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எதற்காக எழுதினேன் என்பதைச் சொல்வதற்கு நீ அறிந்ததும் அறியாததுமாகச் சிலவற்றை வரிசையாகச் சொல்லவேண்டும், பொறுமையாகப் படி.

வீரய்யாவை உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உன் தாத்தா இருந்த தோட்டத்துக்கு விடுமுறையில் போகும்போதெல்லாம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறியவர், அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடியை வெட்டித் தறிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர்களில் அவருக்கு நிகராக ஒருவரும் இல்லை என்று தாத்தாவே சொல்வார். இந்திய வம்சாவளியினருக்கான புதிய சட்டப்படி, திருமணமானவர் என்ற வகையில், 1946ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் ஏழு ஆண்டுகள் இடைவிடாமல் இந்நாட்டில் வசித்தார் என்று அவர் நிரூபிக்கவேண்டும். 1943 தொடக்கம் தோட்டத்து வேலையாட் பதிவான செக்ரோலில் பெயர் இருக்கிறது, அதில் தடையில்லை. அதற்கு முந்திய புத்தகங்கள் தோட்டத்துக் காரியாலயத்தில் தீப்பிடித்தபோது எரிந்துபோயின. மூத்த மகள் சண்முகவடிவு 1938 ஒக்டோபரில் தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்தில்தான் பிறந்தாள், ஆனால் அந்தப் பிறப்புத் தோட்டத்திலிருந்து பதிவுக்கு அனுப்பப்படவே இல்லை போலும்; மூன்று முறை தேடுவித்தேன், கிடைக்கவில்லை. அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பெரிய கங்காணி இறந்துவிட்டார். என்னுடைய மனுவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இருக்கவில்லை என்பதையும் நீ நினைத்துப்பார்க்கவேண்டும்; பங்குக் கோவிலில் என் ஞானஸ்நானப் பதிவு இருந்தது, சுவாமியார் ஒரு பிரதி எழுதிக் கையொப்பமிட்டார், காரியம் முடிந்தது. வீரய்யாவுக்கு அப்படி ஒரு புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. இருந்தது ஒரு சவுக்கு மரம். தேயிலைக்கு நிழலுக்காக நடும் சவுக்குக் கன்றுகளில் ஒன்றை, குழந்தை பிறந்த மூன்றாம் நாள், பிள்ளைக்கொடி புதைத்த இடத்தில், லயத்தில் தாம் குடியிருந்த கோடிக் காம்பராவுக்கு அருகே அவர் நட்டார். இதை லயமே அறியும். ஆனால் லயம் அறிந்தது போதாது, தாள் வேண்டும் என்பதுதான் எங்கள் கஷ்டம்.

அந்த வேளையில்தான் சென்ற செப்டம்பரில் உன் நீண்ட கடிதம் வந்தது. செடிகளையும் மரங்களையும் நிமிர்த்தி நிறுத்தும் இழையங்களைப் பற்றி வகுப்பில் படிப்பதாக ஐந்து பக்கம் எழுதியிருந்தாய். முளைவிட்ட செடி தன் கலங்களில் நிறைந்திருக்கும் நீரின் உப்பலால் நிற்கிறது, நீர் வற்றினால் சாய்ந்துவிடுகிறது. சற்று வளர்ந்ததும் தண்டின் ஓரங்களில் மூலைச் சுவர் தடித்த கலங்கள் இழை இழையாக ஓடுகின்றன, அவற்றுக்கு உயிர் உண்டு, காற்றுக்கு வளைந்துகொடுக்கும். ஆனால் மரத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது சுவர் கெட்டித்து உள்ளே உயிர் அற்றுப்போன கலங்களே என்று எழுதியிருந்தாய். அந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப செத்துப்போனதுதான் தாங்குதா?" என்று கேட்டு, கையிலிருந்த கீரைத் தண்டை ஒடித்து நாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தில், வசந்தத்தில் அகன்ற கலங்களும் கோடை முடிவில் நெருங்கிய கலங்களுமாக மரம் தன்மேல் ஒரு சுற்றுக் கட்டிக்கொள்கிறது, ஆகவே அறுத்த மரத்தின் வளையங்களை எண்ணி அதன் வயதைச் சொல்லலாம் என்று இருந்தது. அதை வாசித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது நினைக்கவும் கூசுகிறது. புத்தகம் எரிந்துபோனால் என்ன, மரம் தானே ஒரு புத்தகம் என்று எண்ணினேன். உனக்கு ஒரு வார்த்தையும் எழுதாமல், உன் கடிதத்திலிருந்து அந்தப் பகுதியைப் பிரதிசெய்து, இங்கிலாந்தில் தாவரவியல் கற்கும் மாணவி எழுதியது என்று குறிப்பிட்டு, மூலத்துக்குச் சரியான பிரதி என நொத்தாரிசு முத்திரையும் பதித்து மனுத் தாள்களின் கோவையில் சேர்த்தேன்.

மகளே, இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதம் எழுதப்படுவதன் காரணம். உன் பகுதி அந்த இடத்தில் முடியவில்லை. குளிரில் வளர்ச்சி அடியோடு நின்றுபோகும் இங்கிலாந்து மரங்களுக்கே இது பொருந்தும், நம் மலையில் மரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது எங்கள் ஆசிரியருக்கே நிச்சயமில்லை என்று அடுத்த வாக்கியம் இருந்தது. அதை நான் பிரதிசெய்யவில்லை. விடுபட்டதைக் காட்டப் புள்ளிகூட வைக்கவில்லை. அது கண்ணுக்குத் தப்பிய வரி என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஏனெனில் அதை இரண்டு தரம் வாசித்தேன். இது வழக்குக்குத் தேவையற்ற சந்தேகத்தைக் கிளப்பும் என்று நினைத்தேன். பிறகு, இது சீதோஷ்ணத்தைப் பற்றிய பேச்சு, மரத்தைப் பற்றியது அல்ல என்று எனக்கே ஒரு வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன். பிறர் எழுதிய காணி உறுதிகளில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன் என்று இந்த நகரத்தில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட நான் என் மகளின் கூற்றைப் பாதியில் வெட்டினேன்.

நவம்பர் மாதம் தோட்டத்துத் துரையிடம் எழுத்தில் அனுமதி பெற்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முன்னிலையில் மரத்தை வெட்டுவித்தோம். வீரய்யாவின் மனைவி காளியாயி முதலில் சம்மதிக்கவில்லை. "அவ கொடி பொதைச்ச எடத்துல நட்டதுங்க, அத வெட்டுனா புள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டு மரத்தடியிலேயே நின்றாள். வீரய்யாதான், "மரம் போனா இன்னொண்ணு வச்சுக்கலாம் புள்ள. ஊரவுட்டே போகச் சொன்னா எதப் புடிச்சுக்கிட்டு நிப்ப?" என்று சொல்லி அவளை நகர்த்தினார். கொடி கட்டித் துணி உலர்த்திய கயிற்றை அவளே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள், மரம் விழும்வரை வெளியே வரவில்லை. விழுந்த பின் வீரய்யா அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உசுரு இந்த ஓரத்துலதாங்க ஓடும், நடுவுல உள்ளது சும்மா தூணு. பழைய தேயிலச் செடில நடு உக்கிப் போயிருக்கும், ஓரம் கொழுந்து தள்ளிக்கிட்டே இருக்கும்" என்றார். நீ ஐந்து பக்கத்தில் எழுதியதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்கிறாரே என்று வியந்தேன். வியந்ததோடு நிறுத்திக்கொண்டேன், மேலே ஒன்றும் கேட்கவில்லை. அடிமரத்திலிருந்து இரண்டு வட்டத் துண்டுகள் அறுக்கச் செய்தேன். அறுத்த கணத்திலேயே சாக்குத் துணியில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கண்டாக்கையாவிடம் கையொப்பம் வாங்கினேன். வளையங்களை எண்ணவில்லை. லயத்தில் ஒருவர், "எத்தனைன்னு பாத்துட்டுக் கட்டுங்க ஐயா" என்றார். ஒரு கட்சிக்காரன் தன் சான்றைத் தானே முன்கூட்டித் திறந்து பார்த்தால் அதன் மதிப்புக் குறையும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். பதினான்கு இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பெப்ரவரியில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி பொறுமையானவர், வீரய்யாவை உட்காரச் சொன்னார், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முத்திரைகளைச் சோதித்து, உடைத்து, கடைத்தெருவிலிருந்து அழைத்த ஒரு தச்சரைக்கொண்டு துண்டின் முகத்தை இழைப்புளியால் சீவச் செய்தார்கள். ஈரத் துணியால் துடைத்ததும் வளையங்கள் தெரிந்தன. எழுதுவினைஞர் ஓர் ஆணியின் முனையை வைத்து நடுவிலிருந்து எண்ணினார். ஒன்பது. ஓரத்திலிருந்து உள்ளே எண்ணினார். ஒன்பது. தச்சர் எண்ணினார், ஒரு கோடு வளையமா கீறலா என்று அதிகாரியோடு சற்றுத் தர்க்கித்தார், பிறகு அவரும் ஒன்பது என்றார். பேச்சு ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமாக நடந்ததால் வீரய்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை பேர் அக்கறையாகக் குனிந்து பார்க்கிறார்கள் என்பதைக் கண்டு முகம் மலர்ந்து, என் பக்கம் சாய்ந்து, "நல்லபடியா எண்ணுறாங்கல்ல ஐயா?" என்று காதோடு கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். 1952இலிருந்து ஒன்பதைக் கழித்தால் 1943; செக்ரோலில் அவர் பெயர் முதலில் காணப்படும் அதே ஆண்டு. என்னையே ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்த்தியிருந்தாலும் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

மே மாதம் 20ஆம் திகதி கட்டளை வந்தது. மனுதாரரின் சட்டத்தரணியே முன்வைத்த தாவரவியல் மாணவியின் கூற்றின்படி மரத்தின் வயது ஒன்பது ஆகிறது, எனவே அது 1938இல் நடப்பட்டது என்ற சாட்சியம் பொய், எனவே மனுதாரரின் ஏனைய வாய்மொழிச் சாட்சியமும் நம்பத்தக்கதல்ல, மனு நிராகரிக்கப்படுகிறது. இது கட்டளையின் வாசகம், சுருக்கியிருக்கிறேன், மாற்றவில்லை. அதாவது உன் சொல்லைக்கொண்டு வீரய்யாவைப் பொய்யர் ஆக்கியிருக்கிறது, அவ்வாறு ஆக்கும்படி அந்தச் சொல்லை நறுக்கிக் கொடுத்தவன் நான். வீரய்யாவிடம், தாள்கள் போதவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அவர் அதை நம்பினார். சென்ற வாரம் மழையில் லயத்துக்குப் போயிருந்தேன். காளியாயி சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்து ஒரு சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் மேன்முறையீடு இருக்கிறது, இப்போதே எதற்கு என்றேன். "நாள் சொல்லிக்கிட்டா வருவாங்க? இந்தியால எங்கன்னு போறதுங்க, அந்த ஊரு பேருகூட எனக்கு வாயில வரமாட்டேங்குது. இதுக பொறந்ததெல்லாம் இங்கனதானே" என்றாள். சண்முகவடிவு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா பொய் சொல்லிட்டாருன்னு எழுதியிருக்காமே, அப்புடியாங்க?" என்று என்னிடம் நேராகக் கேட்டாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றேன். பிறகு எதற்கு அப்படி எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை. மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டையைச் சுற்றி மழைநீர் தேங்கி நிற்கிறது.

அன்று வீடு திரும்பி உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ளத எழுதிப்புடுங்க. மறைச்சு வச்சுக்கிட்டுச் சோறு எறங்குமா? ஆனா புள்ள மேல பழி வராம எழுதுங்க, அது தூரத்துல தனியா கெடக்கு" என்றாள். ஆகவே எழுதுகிறேன். மேன்முறையீட்டை நான் நடத்தவில்லை. கண்டியிலுள்ள நண்பரான அட்வகேட் ஒருவரிடம் கோவையை ஒப்படைத்துவிட்டேன், ஏனெனில் இந்த விடயத்தில் இனி நான் வீரய்யாவின் சட்டத்தரணி அல்லன், சாட்சி. உன் கடிதத்தின் மூலத்தையும் என்னுடைய பிரதியையும் பக்கம் பக்கமாக வைத்து, எந்த வாக்கியத்தை எவன் எதற்காக விட்டான் என்று ஒரு சத்தியக் கடதாசி நான் எழுதி முடிக்கப்போகிறேன். மேன்முறையீட்டில் புதிய சான்றை ஏற்பது அரிது என்பது உண்மை. ஆனால் முதற் சான்றே குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தால் மறுவிசாரணைக்கு அனுப்ப இடமுண்டு என்று நண்பர் கருதுகிறார். இதன் பின் என் தொழிற்பெயர் என்னவாகும் என்பதைப் பற்றி நீ ஒன்றும் எழுதத் தேவையில்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்கிறேன்.

உன்னிடம் கேட்பது இதுதான். இரண்டாவது வட்டத் துண்டை முத்திரை உடைக்காமல் வானூர்திப் பொதியாக அனுப்புகிறேன். உன் ஆசிரியர் முன்னிலையில் முத்திரையை உடைத்து, அதை உங்கள் முறைப்படி மெல்லிய சீவல்களாக்கி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். அந்தச் சுவர் தடித்த கலங்கள் ஆண்டுக்கு ஒரு முறை நெருங்கி ஒரு வளையமாகின்றனவா, அல்லது இரண்டு மழைக்காலமும் ஒரு சிறு வறட்சியும் உள்ள எங்கள் மலையில் அவற்றுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லையா, ஒரு சுற்று முழுமையாகாமல் மறைந்துபோவதுண்டா என்பதை, உங்களுக்குத் தெரிந்தவரை, தெரியாததைத் தெரியாது என்றே எழுதி, அங்குள்ள நொத்தாரிசு ஒருவர் முன் சத்தியம் செய்து அனுப்புங்கள். வாசகத்தை நான் எழுதித் தரமாட்டேன். எந்தச் சொல் எங்களுக்குச் சாதகம் என்றும் சொல்லமாட்டேன். ஆராய்ந்த பின் ஒன்பது என்பதே சரி என்று வந்தால் அதையும் அப்படியே எழுது. உன் சொல்லில் இரண்டாம் முறை ஒருவரும் கைவைக்கக் கூடாது. உன் முதற் கடிதம் எப்படி வெட்டப்பட்டது என்று உன்னைக் கேட்டால், என் தகப்பன் வெட்டினார் என்று சொல். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் மெழுகாதே. இங்கே ஆகஸ்ட் 20ஆம் திகதியோடு மேன்முறையீட்டுத் தவணை முடிகிறது, 10ஆம் திகதிக்குள் உன் தாள் கண்டியில் இருக்கவேண்டும், தவறினால் வீரய்யாவுக்கு வேறு வழியில்லை.

மற்றபடி வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, பரீட்சை நெருங்குவதால் இந்தச் செய்தி உன்னைக் குலைத்துவிடக் கூடாதே என்று அம்மா ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குலைந்தால் எழுது, கோபமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ நடக்கும் வழியெல்லாம் மாதா துணை நிற்கவும், எங்களுடைய தவறுகளின் பாரம் உன்மேல் விழாதிருக்கவும் உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

இனிச் சான்றுரை. வாசிக்கத் தெரியாத ஒருவர் சாட்சியாகக் கைநாட்டு இடும் தாளை அவருக்கு முழுவதும் வாசித்து விளக்கிய பிறகே கைநாட்டுப் பெறவேண்டும் என்பது என் தொழிலின் விதி. வீரய்யாவை இதற்குச் சாட்சியாக நான் வைத்தது அந்த விதிக்காகவே. வேறு எந்த வகையிலும் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திராது. இன்று பகல் பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், சுவரோரத்து வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்தார். மேலே உள்ள அனைத்தையும், வெட்டிய வாக்கியம் உட்பட, தமிழில் வாசித்து விளக்கினேன். நடுவில் ஒரு முறை, "அந்த வரிய இன்னொருக்கா படிங்க" என்றார், படித்தேன். அம்மா வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. வாசித்து முடிந்த பிறகு வீரய்யா சொன்னார்: "அந்த மரத்த மூணு தடவ தலைய எறக்கினேனுங்க, லயத்துக் கூரைய இடிக்குதுன்னு. ஒரு வருசம் மாடு பட்டைய உரிச்சுப்புட்டு ரெண்டு மழைக்கும் ஒரு எலகூட தள்ளாம அப்புடியே நின்னுச்சு. நான்தான் சாணியும் மண்ணும் கொழச்சுப் பூசிப் பொழைக்க வச்சேன். இதெல்லாம் எனக்குத்தானே தெரியும்? எத்தன கடுதாசி போட்டீங்க, எத்தன பேருகிட்டக் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலீங்களே ஐயா." மரம் அப்படி நின்றுபோன ஆண்டுகளில் வளையம் விழாமல் போயிருக்கக்கூடும். அவர் கூறியதையும் தனிச் சத்தியக் கடதாசியாக எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்றார். கைநாட்டு இடுமுன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், அவர் சொன்ன சொற்களையே சேர்க்கிறேன்: "பாப்பா மேல தப்பு இல்லேன்னு வீரய்யா சொன்னான்னு எழுதுங்க. ஐயா மேல இல்லேன்னு நான் சொல்லலீங்க. அதையும் எழுதுங்க." எழுதியதை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடது கைப் பெருவிரலை நீட்டினார்.

இப்படிக்கு உன் அப்பா,
ம. பத்திநாதன் (ஒப்பம்)

சாட்சிகள்:
மார்கிரட் பத்திநாதன் (ஒப்பம்)
வீரய்யா, கவ்வாத்துத் தொழிலாளி (இடது பெருவிரல் அடையாளம்)